பட்டிக்கு வழி தெரிந்த ஆடுகள்

நாய் யாருக்கு என்பதைத் தவிர மற்ற எல்லாம், ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வீடும் பல் ஆஸ்பத்திரியும் டாக்டருக்கு. கார் அவளுக்கு. பாத்திரங்கள் மேல் இருவருக்கும் ஆசை இல்லை. பன்னிரண்டு வருடக் குடித்தனம், நைந்துபோன பழைய துணி கிழிகிற மாதிரி சத்தமே இல்லாமல் இரண்டாகிவிட்டது. பஞ்சாயத்துக்கு வந்திருந்த வக்கீல் அத்தைக்கு இது பெரிய ஏமாற்றம். டாக்டரின் சொந்த அத்தை அவர். அழுகை, ஆவேசம், கடைசியில் சமாதானம் என்று பெரிதாக எதிர்பார்த்துக் கைப்பையில் ஒரு கட்டு டிஷ்யூ பேப்பர் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்றே ஒன்றுதான் செலவானது. மேசையில் சிந்திய டீயைத் துடைப்பதற்கு.

"சரி, நாய்?" என்றார் அத்தை.

இருவரும் ஒரே நேரத்தில் கோப்பையை எடுத்துக் குடித்தார்கள்.

நாய் மேசைக்கு அடியில் படுத்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமான மேய்ப்பு நாய். நாய் வளர்ப்போர் சங்கத்துப் பதிவேட்டில் அதன் பெயர் 'ராஜகம்பீர வீரசிம்மன் மூன்றாமவன்'. டாக்டர் அதை ராஜா என்பார். அவள் 'டேய்' என்பாள். அது இரண்டுக்கும் வரும், டேய்க்குக் கொஞ்சம் சீக்கிரமாக.

மேய்ப்பு நாய் வளர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு நாய் என்பது பார்ப்பதற்கு. தோள் எலும்பு இந்தச் சாய்வில் இருக்க வேண்டும், வால் இந்த இடத்தில் வளைய வேண்டும், மேல்பல் கீழ்ப்பல்லைக் கத்தரிக்கோல் மாதிரி தொட வேண்டும். ஆட்டை அது படத்தில்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. மற்றக் கட்சிக்கு நாய் என்பது வேலைக்கு. ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்து பட்டியில் அடைத்தால் போதும், வால் தலையில் முளைத்திருந்தாலும் கவலையில்லை. டாக்டர் முதல் கட்சி. பெண் பார்க்கப் போன அன்றும் அவர் முதலில் பார்த்தது அவள் பல்வரிசையைத்தான். அவள் இரண்டாவது கட்சி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், அழகாக உட்கார்ந்திருப்பவர்களை நம்புவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு கட்சியும் இருந்தால் வாதம் சூடு பறக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நாளடைவில் பேச்சே நாய் வழியாகத்தான் என்று ஆகிப்போனது. "சாப்பிட்டானா?" "சாப்பிட்டான்." பிறகு அதுவும் தேவையில்லாமல் போனது. தட்டைப் பார்த்தாலே தெரியுமே.

"சரி, நான் சொல்றேன்," என்றார் அத்தை. வருமானமில்லாத வழக்கைச் சீக்கிரம் முடிக்கிற அவசரம் அவருக்கு. "உங்க சங்கத்துல வருஷா வருஷம் போட்டி நடக்குதுல்ல? காலையில அழகு, மத்தியானம் வேலை. அழகுக்கு நீ கூட்டிட்டுப் போ. வேலைக்கு அவ கூட்டிட்டுப் போகட்டும். எதுல நாய் மேல வருதோ, அந்தப் பக்கத்து ஆளுக்கு நாய். என்ன?"

"ரெண்டுலயும் முதலா வந்துட்டா?" என்று கேட்டாள் அவள்.

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "அப்படி ஒரு நாய் இன்னும் பிறக்கல."

அது உண்மை. இரண்டிலும் முதலிடம் வருகிற நாய்க்கு என்று சங்கத்தில் ஒரு பெரிய வெள்ளிக் கோப்பை உண்டு. இதுவரை எந்த நாயும் அதை வாங்கியதில்லை. கோப்பை சங்கத் தலைவர் வீட்டு அலமாரியில் இருந்துகொண்டு, அவருடைய கண்ணாடித் துணியையும் நெஞ்செரிச்சல் மாத்திரைகளையும் காத்து வந்தது.

போட்டி வரைக்கும் ஒரு வாரம் டாக்டரிடம், ஒரு வாரம் அவளிடம் என்று ஏற்பாடு. டாக்டர் தன் வாரத்தில் நாய்க்கு நன்றாகத் தீனி போட்டு, தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைச் சீவிக் குண்டாக்கி அனுப்புவார். அவள் தன் வாரத்தில் ஊருக்கு வெளியே ஒரு ஆட்டுக்காரர் நிலத்துக்கு ஓட்டிப்போய் மூச்சு வாங்க ஓடவிட்டு இளைக்க வைப்பாள். நாய் ஒரு வாரம் மாப்பிள்ளை, ஒரு வாரம் கூலியாள். அது குறை சொல்லவில்லை. குறை சொல்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்குமே கிடையாது.

அவளுடைய புதிய வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஒற்றைப் படுக்கையறை. அங்கே வந்ததிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. தோழிகள் போன் செய்து "தைரியமா இரு" என்றார்கள். தைரியம் தேவைப்படுகிற அளவுக்கு அவளுக்குப் பயமும் இல்லை. பழகவந்த ஒருவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துக் கார் லாரிக்குப் பின்னால் பாய்ந்தபோது, தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, "வலது கால் எங்க இருக்கணும்னு சொன்னேன்?" என்று கேட்டாள். அந்த ஆள் வெளியே போய் வாந்தி எடுத்தார். அவளுக்கு நெஞ்சு ஒரு துடிப்புகூட அதிகமாகத் துடிக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் உதடு இருக்கிறது என்று தெரியும், ஆனால் இருக்கிற மாதிரி தெரியாது. உடம்பு முழுக்க அவளுக்கு அப்படி இருந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு. நாயின் முதுகில் கை வைத்தால் உள்ளங்கைக்குச் சூடு தெரிந்தது. நாய் டாக்டரிடம் போகிற வாரம் அதுவும் இல்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவும் படவில்லை. நாய் போய்விட்டால் அந்த உள்ளங்கையும் போய்விடும் என்பது மட்டும், வாடகைத் தேதி மாதிரி, மனதின் ஒரு ஓரத்தில் இருந்தது.

போட்டி நாள். மைதானத்து நுழைவாயிலில் பேனர்: 'அழகும் உழைப்பும் நமது இரு கண்கள்'. அதில் வரைந்திருந்த நாய்க்கு ஒன்றரைக் கண். பந்தலில் தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார். டைல்ஸ் வியாபாரி. மைக் தலைவர் என்றுதான் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். கையில் வாங்கினால் கரண்ட் போனால்தான் திருப்பித் தருவார். மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்து ஆரம்பித்து, மேய்ப்பு நாய் இல்லாவிட்டால் நாகரிகமே இல்லை என்று நிறுவிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த மேய்ப்பு நாய் ஆட்டைக் கண்டால் காருக்குள் ஏறி ஒளிந்துகொள்ளும்.

"வந்துட்டீங்களா?" என்றார் டாக்டர். பிரிந்த நாளிலிருந்து அவர் அவளை 'நீங்க' என்கிறார். கூட இருந்தவரை கிடைக்காத மரியாதை.

"ம். தண்ணி குடிச்சானா?"

"குடிச்சான்."

சங்கத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. இருவரும் சங்கத்து நீலக் கோட்டைப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்தது, அதனால் ஒருவருக்கும் பொருந்தாதது.

காலைப் போட்டியில் டாக்டர் வட்டத்துக்குள் ஓடினார். பல் டாக்டர் ஓடுவதைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும். ஆனால் நாய் ஓடியது கண்கொள்ளாக் காட்சி. நிற்க வேண்டிய நேரம் வந்ததும் அவர் கோட்டின் வலது பைக்குள் கையை விட்டார். அந்தப் பையில் காய்ந்த ஈரல் துண்டுகள். கை பைக்குள் போனதைப் பார்த்தவுடன் நாய் முன்னங்கால்களைச் செங்குத்தாக ஊன்றி, பின்னங்கால்களை ஒரு சாண் பின்னால் தள்ளி, கழுத்தை நீட்டிச் சிலையாகிவிடும். அது அவர் ஆறு வருடமாகக் கற்றுக்கொடுத்தது. நடுவர் நாயின் தோளைத் தடவினார், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், என்னவோ நினைத்துக்கொண்டு தன் தாடையையும் ஒரு தடவை தடவிக்கொண்டார். முதலிடம்.

அவள் கைதட்டினாள். தோற்றால் நாய் போய்விடும், ஜெயிக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி வரி வந்தது, பொருள் வரவில்லை.

மத்தியானத்துக்கு முன் வெயில் ஏறியது. எல்லோரும் கோட்டைக் கழற்றிப் பந்தல் கம்பத்து ஆணியில் மாட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பின் காற்று எழுந்ததும் ஆளுக்கொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

வேலைத் தேர்வு எளிதானது. மைதானத்துக் கோடியில் ஐந்து செம்மறிகளைத் திறந்து விடுவார்கள். நாய் சுற்றிப் போய் அவற்றைச் சேர்த்து ஓட்டிவந்து, நடுவில் இருக்கும் பட்டியில் அடைக்க வேண்டும். மார்க் போடுகிறவர் மைக் தலைவர். அந்த ஐந்து ஆடுகளும் சங்கத்தின் நிரந்தர ஆடுகள். குட்டியாக இருந்த காலத்திலிருந்து இதே தேர்வுக்கு வந்து பழகியவை. பட்டிக்குள் போனால் தீவனம் என்று அவற்றுக்குத் தெரியும். விட்டால் தாமே நடந்து வந்து உள்ளே நிற்கும். சங்கத்திலேயே அந்தத் தேர்வுக்கு முழுத் தகுதி உள்ளவை அந்த ஐந்து மட்டும்தான். நாய்கள் வருடா வருடம் தோற்றது, தம் பாட்டுக்குப் போகிறவற்றைத் தொந்தரவு செய்ததால்.

அன்றும் அப்படித்தான். முதல் நாய் ஆடுகளை டீக்கடைப் பக்கம் துரத்திவிட்டது. இரண்டாவது, பட்டிக் கம்பத்தில் காலைத் தூக்கிவிட்டுக் கடமை முடிந்ததாகத் திரும்பி வந்தது. மூன்றாவது ஒரு ஆட்டோடு விளையாடப் போய் முட்டு வாங்கியது.

அவள் முறை வந்தது. கம்பத்தருகே நின்று "போடா" என்றாள் மெதுவாக. நாய் பாய்ந்தது. வயிறு தரையோடு தரையாக, அகலமான வளைவில், ஆடுகளை நேராக நெருங்காமல் விலகிச் சுற்றிப் போனது. அவள் பழக்கியது. இனி விசில். போன வாரம் கயிறு அறுந்ததால் அதைக் கோட்டுப் பையில் போட்டிருந்தாள். வலது கையைப் பைக்குள் விட்டாள்.

விரலில் தட்டுப்பட்டது விசில் இல்லை. ஈரல்.

அந்தக் கணம் நாய் உத்தரவுக்காகத் திரும்பிப் பார்த்தது. நீலக் கோட்டு, வலது பை, உள்ளே கை. காற்றும் அவள் பக்கமிருந்துதான் அடித்தது. நாய் ஒரு நொடி யோசித்தது. முன்னங்கால்களைச் செங்குத்தாக ஊன்றியது. பின்னங்கால்களை ஒரு சாண் பின்னால் தள்ளியது. கழுத்தை நீட்டி, மைதானத்தின் நடுவில் சிலையாக நின்றது.

ஆடுகள் அதைப் பார்த்தன. பிறகு பட்டியைப் பார்த்தன. அலுவலகம் முடிந்து பஸ்ஸுக்குப் போகிறவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவந்து உள்ளே போயின. கடைசி ஆடு வாசலில் நின்று, கதவைச் சாத்துவார்கள்தானே என்பது போல அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் போய்ச் சாத்தினாள்.

பிறகு மைக்.

"பார்த்தீங்களா? இதுக்குப் பேருதான் பார்வை. ஓடல, குரைக்கல, ஒரு அடி எடுத்து வைக்கல. நின்ன இடத்துலேருந்து கண்ணாலயே அஞ்சு ஆட்டை அடைச்சுட்டான். முப்பது வருஷமா நான் இதைத்தானய்யா மேடை மேடையா சொல்லிட்டிருக்கேன்."

வேலியோரம் டாக்டர் நின்றிருந்தார். கைதட்டவில்லை. அவர் கையில் அவளுடைய விசில் இருந்தது.

அவள் நேராகப் பந்தலுக்குப் போனாள். "அவன் வேலை செய்யலைங்க. சும்மா நின்னான். ஆடு தானா போச்சு."

தலைவர் மைக்கை மார்போடு அணைத்து மூடினார். "வேலை செய்யாம வேலையை முடிக்கிறதுதாம்மா தலைமைப் பண்பு. இந்தச் சங்கத்தை நான் எப்படி நடத்துறேன்னு நினைக்கிறீங்க?"

"கோட்டு மாறிப்போச்சுங்க. அவன் ஈரலுக்காக..."

"தன்னடக்கம்," என்றார் தலைவர் பக்கத்திலிருந்தவர்களிடம். "பாத்துக்கோங்க."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. யாரோ தலைவர் வீட்டுக்கு ஓடிப்போய் வெள்ளிக் கோப்பையை எடுத்து வந்தார்கள். புகைப்படக்காரர் இருவரையும் நிறுத்தி, நடுவில் நாயை நிறுத்தினார். "அழகு ஒருத்தர் கையில, உழைப்பு ஒருத்தர் கையில, ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ," என்று தலைவர் பேசிக்கொண்டே போனார்.

"டாக்டர், கொஞ்சம் ஒட்டி நில்லுங்க சார்," என்றார் புகைப்படக்காரர். "பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. சொந்தப் பொண்டாட்டிதானே?"

டாக்டர் ஒரு அங்குலம் நகர்ந்தார். அவளும் சிரிக்கிற அளவுக்கு வாயைத் திறந்தாள். மூவரில் சரியாக நின்றது நாய்தான்.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் அவள் கார் அருகே நின்றார்கள். கோப்பை டாக்டரின் கக்கத்தில். உள்ளே மாத்திரை அட்டை இன்னும் கிடந்து சலசலத்தது.

"ரெண்டுலயும் முதல்," என்றார்.

"ம்."

"அத்தைக்குப் போன் பண்ணிக் கேக்கலாமா?"

"அடுத்த வருஷப் போட்டிக்கு ஒத்தி வைப்பாங்க."

டாக்டர் தலையாட்டினார். அத்தையை அவருக்குச் சிறுவயதிலிருந்து தெரியும்.

"அவன் இன்னிக்கு வேலை செய்யல," என்றாள் அவள். "உங்க கோட்டைப் போட்டுட்டுப் போயிட்டேன்."

"தெரியும். பின்னங்காலை வச்சான் பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அது என் நிற்பு." கையிலிருந்த விசிலைக் காட்டினார். "இது என்கிட்ட இருந்துச்சு. ஊதலாமான்னு பார்த்தேன். எப்படி ஊதினா என்ன அர்த்தம்னு தெரியல."

"தினம் வீட்டுக்குப் பின்னாடி ஊதிட்டுத்தானே இருந்தேன்."

"குக்கர்னு நினைச்சேன்."

அவள் அவரைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"அப்ப மத்தியானம் கணக்குல வராது," என்றாள். "காலையில ஜெயிச்சது நீங்க. நாய் உங்களுக்கு."

டாக்டர் கோப்பையை மறு கக்கத்துக்கு மாற்றினார். அவளிடம் உண்மை பேச வேண்டிவந்தால் அவருக்கு எப்போதுமே கைகள் இடைஞ்சலாகிவிடும். "காலையிலயும் ஒண்ணும் இல்ல. அந்த நடுவர் என் நோயாளி. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடக்குது. தற்காலிகமா சிமென்ட்டுதான் வச்சு அனுப்பியிருக்கேன். அடுத்த வாரம் திரும்ப என் நாற்காலியில வந்து வாயைத் திறக்கணும். அந்த நிலைமையில எந்த மனுஷன் எனக்கு ரெண்டாவது பரிசு குடுப்பான்?"

மைதானத்தில் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரைக் கண் நாய் பாதியில் மடிந்து தொங்கியது. கீழே, ராஜகம்பீர வீரசிம்மன் மூன்றாமவன் காரின் பின் டயரை மோந்துகொண்டிருந்தது. அழகிலும் உழைப்பிலும் சங்கத்தின் முதல் நாய், ஆனால் அந்த இரண்டையும் யாருமே உண்மையில் பார்க்கவில்லை.

"எனக்கு அவன் வேணும்," என்றாள் அவள்.

இண்டிகேட்டர் போடுங்க என்று சொல்கிற அதே குரலில்தான் வந்தது. ஆனாலும் டாக்டர் கோப்பையைக் காரின் மேல் இறக்கி வைத்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே."

"யாரும் கேக்கலையே."

"அத்தை கேட்டாங்களே."

"அத்தைதான் கேட்டாங்க."

அவர் அதை மென்று பார்த்தார். விழுங்க நேரமெடுத்தது.

"உங்களுக்கு வேணாமா?" என்று கேட்டாள்.

"வேணும்தான்." நாயின் காதை நிமிண்டினார். "பரவாயில்ல. எனக்கு நோயாளிங்க இருக்காங்க. நாள் பூரா வாயைத் திறந்துட்டே உக்காந்திருக்காங்க, ஒருத்தரும் பேச மாட்டாங்க. பழகிடுச்சு."

கயிற்றை அவள் கையில் கொடுத்தார். கோட்டுகளைக் கழற்றி மாற்றிக்கொண்டார்கள். அவருடைய பைக்குள் ஈரல் திரும்பிப் போனதை நாய் கண்ணால் தொடர்ந்தது. அவர் ஒரு துண்டை எடுத்து, நிற்கச் சொல்லாமலே அதன் வாயில் போட்டார். நாய்க்கு அது புரியவில்லை. தின்றுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை நின்று காட்டியது.

"முகம் ஏன் அப்படி இருக்கு?" என்றார்.

"எப்படி?"

"ஒண்ணுமே இல்லாம."

"ஊசி போட்ட மாதிரி இருக்கு. வீட்டை விட்டு வந்ததுலேருந்து."

டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். தொழில் பார்வைதான். இருந்தாலும் பார்வை. "எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

"இறங்கும். இறங்கும்போது வலிக்கும், பயப்படாத. அதுவரைக்கும் சூடா எதுவும் குடிச்சிடாத. சுட்டாலும் தெரியாது."

கோப்பையை அணைத்தபடி அவர் மைதான வாசலுக்கு நடந்தார். அங்கே ஆட்டோவுக்காக நின்றார். முதுகு நேராக, கழுத்து நீண்டு. நாய்க்கு அந்த நிற்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

காரில் ஏறினாள். நாய் பக்கத்து இருக்கையில், வேலை நாட்களில் அவள் உட்காருகிற பக்கம், ஏறி உட்கார்ந்தது. மத்தியானம் டீக்கடையில் நிரப்பிய ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினாள். ஆவி எழுந்து முன் கண்ணாடியில் படிந்தது. உதட்டருகே கொண்டுபோனவள், நிறுத்தி, மூடியை டாஷ்போர்டின் மேல் வைத்தாள்.

இடது கையை நாயின் முதுகில் வைத்தாள். வாசலில் ஆட்டோ எதுவும் வரவில்லை. டீ ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.